கிருத்திகையன்று வைத்த மாட்டுக்கறி ஸ்டூ

பத்து மாதப் பிள்ளையான என் மகன், நான் ஊட்டினால் வாய் திறக்க மாட்டான். உதட்டை உள்ளே மடித்து, தலையைத் தோளுக்குத் திருப்பி, என்னைக் கடன்காரியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். அதே வாய், எங்கள் வீட்டுக்கார அக்கா உருண்டை பிடித்து நீட்டினால் காக்காக் குஞ்சு மாதிரி பிளந்துகொள்ளும். இதைப் பார்த்து வயிறு எரியாத ஒருத்தி இருந்தால் கூட்டி வாருங்கள், காலில் விழுகிறேன். எனக்கு எரிந்தது. காலையும் மாலையும் எரிந்தது.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். கணவருக்கு ஒரு நிட்டிங் கம்பெனியில் வேலை, எனக்குப் பக்கத்திலேயே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். நெருப்பெரிச்சல் என்ற இடத்தில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். முன்னால் வீட்டுக்காரர் வீடு, பின்னால் வரிசையாக வாடகை அறைகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான குழாயும் துவைக்கிற கல்லும். வீட்டுக்காரர் குடும்பம் தலைமுறையாக நெசவு செய்தது. தறிகளை விற்றுவிட்டு வாசலில் ஷெட் போட்டு, தையல் மெஷின்களை வைத்து, கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முருகன் என்றால் அந்த வீட்டில் உயிர்.

பேறுகால விடுப்பு முடிந்து, பிள்ளையை யாரிடம் விடுவது என்று நான் அழுதுகொண்டிருந்தபோது வீட்டுக்கார அக்காதான் தானாக வந்தார். அவருடைய மகள்கள் இருவரும் பெரிய பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"உங்கூட்டுப் பையன நான் பாத்துக்கறனுங்க அம்மிணி. நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க. எம்புள்ளைங்க வளந்து போச்சு, ஊடே வெறிச்சுன்னு கெடக்குது" என்றார்.

அன்று அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்தக் கை இப்படி என் பிள்ளையை முழுசாக வாங்கிக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வருவேன். அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மடியில் என் மகனை வைத்து, காக்காவைக் காட்டிப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். ஊத்துக்குளி நெய் விட்டுக் குழைத்த சோறு. அவன் தலை, கை, சட்டை எல்லாம் அந்த நெய் வாசம். நெற்றியில் திருநீறு வேறு. கண்ணேறு படாமல் இருக்க என்பார். அறைக்குள் கொண்டுபோய் முதல் வேலையாகச் சேலைத் தலைப்பால் அதைத் துடைப்பேன். துடைத்தால் அவன் அழுவான். கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரைச் சொன்னால் திரும்ப மாட்டான். முன்வீட்டிலிருந்து "சாமி, ஏஞ் சாமி" என்று ஒரு குரல் வந்தால், என் இடுப்பிலிருந்து பாதி உடம்பு வெளியே போய்விடும்.

"நல்லாத்தானே வளருதான். நீ எதுக்குக் கெடந்து சாவுத?" என்பார் கணவர்.

ஆண்களுக்கு எடை கூடினால் போதும்.

எடை என்றதும் நினைவு வருகிறது. தெருமுனையில் தடுப்பூசி போட வந்திருந்தார்கள். நான் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தேன். பிள்ளையைத் தராசில் வைத்த நர்ஸ், "நல்லா இருக்கானே! அம்மா யாரு? சாப்பிட என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தொடங்கிவிட்டார்: "காலைல ராகிக் கூழுங்க, மத்தியானம் பருப்புச் சோறுங்க, அப்பறமேல்ட்டு வாழப்பழம் பெசஞ்சு குடுப்பனுங்க." நர்ஸ் அதற்குமேல் என் பக்கம் திரும்பவே இல்லை. காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரிடமே சொன்னார். ஊசி குத்தியதும் பிள்ளை வீறிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான். அக்காவிடம். அவர் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு முன்னால் நடக்க, நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பார்க்கிறவர்கள் என்னை அந்த வீட்டு வேலைக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்று விடுகிற குணம் எனக்குக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமையாவது அவனை என்னோடு வைத்துப் பழக்கலாம் என்றால், ஞாயிறு எங்கே இருந்தது? ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் எங்கள் கம்பெனிக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். அப்படி மாதக்கணக்கில் ஓடிய பிறகு ஒரு சனிக்கிழமை சரக்கு லாரி ஏறியது. "நாளைக்கு எல்லாருக்கும் லீவு" என்றார் சூப்பர்வைசர். அறைக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு மாட்டுக்கறி ஸ்டூ.

எங்கள் வீட்டில் பிள்ளைக்கு முதல் இறைச்சி அதுதான். அண்ணனுக்கு, எனக்கு, தம்பிக்கு, மூன்று பேருக்கும் அம்மை அதைத்தான் கொடுத்தாள். தேங்காய்ப்பாலில் மணிக்கணக்காக வெந்த கறியின் சாற்றில் உருளைக்கிழங்கை மசித்து நாக்கில் தடவுவாள். அதைத் தின்ற பிள்ளை அப்புறம் எந்த வீட்டுக்கும் போகாது என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். பருப்பும் நெய்யும் எத்தனை நாள்தான் ஜெயிக்கும், பார்த்துவிடலாம் என்று இருந்தது.

கணவரிடம் சொன்னதும் முகம் மாறியது.

"நாளைக்கா? ஏட்டி, நாளைக்குக் கிருத்திகைல்லா? அந்த அக்கா விரதம்லா இருப்பாவ."

"அவங்க வீட்டுல விரதம்னா நம்ம வீட்டுல பட்டினியா?"

"அதுக்கில்ல. இன்னொரு நாள் வச்சுக்கிடலாமே."

"இன்னொரு நாள் எனக்கு எப்பம் லீவு? நீரு போய் எங்க மொதலாளிட்ட கேட்டுட்டு வாரும்."

அவர் கறி வாங்கும் பையைத் தேடி எடுத்து வைத்தார். ஆனால் அவர் தயங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காம்பவுண்டில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு உடன்பாடு நடந்துகொண்டிருந்தது. கோழி, ஆடு அவர்களும் சாப்பிடுவார்கள். மாடு மட்டும் ஆகாது. நாங்கள் சாப்பிடுவோம் என்று அக்காவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். அதனால் கதவைச் சாத்திவைத்துச் சமைப்போம். அவர் குழாயடியில் நின்று, "என்னங்க, மட்டனுங்களா?" என்று கேட்பார். நாங்கள் "ஆமாக்கா, மட்டன்" என்போம். அத்தோடு முடிந்தது. இருவருக்கும் மரியாதை கெடாமல் அந்த மட்டன் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கிருத்திகையன்று மட்டும் அதுவும் கிடையாது. அன்றைக்கு நாங்களே ரசமும் அப்பளமும் என்று ஒதுங்கிவிடுவோம்.

மறுநாள் மாதாகோயிலில் முதல் பூசை முடிந்து கணவர் கறியோடு வந்தார். கொழுப்பு ஓடிய நெஞ்சுக்கறியும் ஒரு பெரிய எலும்பும். நான் ஊரிலிருந்து வந்த தேங்காயைத் துருவிப் பால் எடுத்து வைத்திருந்தேன். தேங்காயெண்ணெயில் பட்டை, கிராம்பு, இஞ்சி, வெங்காயம் வதக்கி, கறியையும் எலும்பையும் போட்டு, இரண்டாம் பாலை ஊற்றினேன். பிள்ளைக்குக் காரம் ஆகாது என்பதால் மிளகைத் தட்டி, சாயம் போடாத வெள்ளைப் பனியன் துண்டில் முடிந்து உள்ளே இறக்கினேன். வேண்டுமளவு காரம் இறங்கியதும் தூக்கிவிடலாம். பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் திரியைக் கீழே இறக்கி வைத்தேன்.

"சவம், குக்கர்ல வச்சு விசில் விட்டா தீந்துது" என்றார் கணவர்.

"குக்கர்ல வச்சா நாரு நாரா வரும். பிள்ளைக்குத் தொண்டையில மாட்டும். பேசாம இரும்."

ஸ்டூவுக்கு அவசரம் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து, கொதி பெரிதானால் திரியை இறக்கி, பால் வற்றினால் ஊற்றி, அதுவாக வேகும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கும் காத்திருக்க நேரம் இருந்தது, ஆனால் காத்திருக்கும்போது கண் முன்வீட்டுக்கே போனது. என் மகன் அங்கேதான் இருந்தான். கண் விழித்ததும் தவழ்ந்து போய்விட்டான். அக்கா தலைக்குக் குளித்து, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவனை இடுப்பில் வைத்தபடி பூப்பறித்துக்கொண்டிருந்தார். ஒரு பூவை அவன் மூக்கில் வைத்தார். அவன் சிரித்தான். என்னிடம் என்றைக்கு இப்படிச் சிரித்தான் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. எழுந்துபோய், சாத்தியிருந்த கதவை நன்றாகத் திறந்து வைத்தேன்.

கறி பாதி வெந்ததும் கிழங்கும் கேரட்டும் போட்டேன். வாசம் முற்றம் முழுக்க நின்றது. பக்கத்து அறைக்காரர் கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் அக்கா வந்தார். இடுப்பில் என் மகன், அவன் நெற்றியில் திருநீறு.

"அம்மிணி, வாசம் தூக்குதுங்க. மட்டனுங்களா?"

விரத நாளிலும் அந்தக் கேள்வியைக் கேட்டார் பாருங்கள். எனக்காகக் கேட்டார். ஆமாக்கா என்று சொன்னால் போதும். கணவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நானோ, அவன் கை அக்காவின் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன்.

"இல்லக்கா. மாட்டுக்கறி" என்றேன். "பிள்ளைக்குத்தான் வைக்கிறேன்."

அக்கா என்னைப் பார்த்தார், கிருத்திகையும் அதுவுமாக இப்படிச் சொல்கிறாளே என்று. பிறகு என் மகனை இடுப்பிலிருந்து எடுத்து வாசற்படியில் உட்காரவைத்தார். "செரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முன்வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"போதுமாட்டி? இப்பம் திருப்தியா?" என்றார் கணவர்.

திருப்திதான். ரொம்பவே திருப்தி. இனி அந்த இடுப்பில் அவனுக்கு இடமில்லை என்று நினைத்தேன். நாளைக்குப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாய் என்று என் புத்தி கேட்கவே இல்லை.

முதல் பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்கினேன். விரலால் அமுக்கினால் கறி கரைந்தது. மகனை மடியில் உட்காரவைத்து, கிழங்கைச் சாற்றோடு மசித்து, கறியைப் பஞ்சாக நசுக்கிக் கலந்து, ஊதி ஆற வைத்து நீட்டினேன். உதட்டை மடித்துக்கொண்டான். காக்காவைக் காட்டினேன். நிலாவைக் காட்டுகிறேன் என்று பட்டப்பகலில் வானத்தைக் காட்டினேன். கொஞ்சினேன், பாடினேன், கடைசியில் "திறலே வாய!" என்று கத்தினேன். வீறிட்டு அழுது, சாத்தியிருந்த முன்வீட்டுக் கதவைப் பார்த்துக் கையை நீட்டினான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அழுகை திடீரென்று நின்றது. திரும்பிப் பார்த்தால், தட்டில் கிடந்த அந்தப் பெரிய எலும்பை இரண்டு கைகளாலும் தூக்கி, புதுப் பல்லால் கரண்டிக்கொண்டிருந்தான். மோவாயெல்லாம் பால் வழிந்தது. சப்பினான். நிறுத்தி யோசித்தான். மறுபடி சப்பினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன உருண்டையை உதட்டருகே கொண்டுபோனேன். எலும்பை இறக்கிவிட்டு வாயைத் திறந்தான். ஏசுவே! என் கைக்கு, என் பிள்ளை, வாயைத் திறந்தான். இன்னொன்று கொடுத்தேன். அதற்கும் திறந்தான். மூன்றாவதை நான் உருட்டுவதற்குள் "ம்... ம்..." என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். கணவர் தன் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. அக்கா நின்றார். பிள்ளை அழுத சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளை அழவில்லை, என் கையால் தின்றுகொண்டிருந்தான். அதைப் பார்த்தபடி நின்றார். உதடு லேசாக மடிந்து, கண் அவன் வாயைவிட்டு நகராமல், கழுத்து நரம்பு எழும்பி நின்ற அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். கம்பெனியிலிருந்து ஓடிவந்து துவைக்கிற கல் பக்கம் நிற்கும்போது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அட, இவருக்கும் எரிகிறது!

"இவ்ளோ பெருசாவா குடுப்பாங்க? தொண்டைல அடச்சுக்குமுங்க" என்றார்.

"நல்லா தின்கிறான் அக்கா" என்றேன். என் குரலில் இருந்த குதூகலத்தை மறைக்க முயலவில்லை.

"தின்னறானுங்க. ஆனா உருட்டறது இப்பிடியில்லீங்க. இங்க குடுங்க, பாக்கலாம்."

சொல்லிக்கொண்டே படியேறி வந்து, என் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டில் கை வைத்தார். கணவர் பதறி எழுந்துவிட்டார். "அக்கா, இன்னைக்குக் கிருத்திகை. அது மாட்டு..."

"ஏனுங்க, எனக்குத் தெரியாதுங்களா?" என்றார் அக்கா, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்திருந்தவரின் கை, கறியையும் கிழங்கையும் சேர்த்து நசுக்கியது. நான் அவசரமாக ஒரு உருண்டை பிடித்தேன். அவரும் பிடித்தார். சுண்டைக்காய் அளவு, வழவழவென்று, அச்சில் வார்த்ததுபோல. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அவன் வாய்க்கு முன்னால் நின்றன. அவன் இந்தக் கையைப் பார்த்தான், அந்தக் கையைப் பார்த்தான்.

"சாமி" என்றார் அக்கா.

அவர் கையில் வாங்கிக்கொண்டான். என் அம்மையின் ஸ்டூவை, விடியலிலிருந்து நான் அடுப்படியில் குந்தி வைத்த கறியை, அவர் கையால் தின்றான். தட்டு காலியாகும்வரை தின்றான். நடு நடுவே என் கைக்கும் ஒன்றிரண்டு முறை வாய் திறந்தான், போனால் போகிறது என்று. அக்கா அவன் வாயைத் துடைத்துவிட்டு, குழாயடிக்குப் போய், உடுத்த சேலையோடு குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அப்புறம் வேறு சேலை கட்டிக் கோயிலுக்குப் போனார். முருகனிடம் என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்வீட்டு வாசலில் போய் நின்றேன். வாங்குவாரோ மாட்டாரோ என்று உள்ளே உதறல்தான். வழக்கம்போலக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கியவர் குரலைத் தாழ்த்தி, "அம்மிணி, அந்த மட்டன் எப்பிடிங்க ஆக்கறது? பையனுக்கு அவ்ளோ புடிச்சிருக்குதுல்லீங்க. சொல்லிக்குடுத்தீங்கன்னா நானே ஆட்டுக்கறி வாங்கி ஆக்கிக் குடுப்பேன்" என்றார்.

பார்த்தீர்களா? அதையும் கேட்கிறார்!

"அது எங்க அம்மை கைப்பக்குவம் அக்கா. சொன்னாலெல்லாம் வராது" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. சிரித்தார். பிள்ளையை இடுப்பில் சரியாக ஏற்றிவைத்துக்கொண்டு, "செரிங்க, அப்ப ஞாயித்துக்கெழம உங்களுதுங்க. மத்த நாளு எனக்கு" என்றார். பங்கு சரியாகத்தான் இருப்பதுபோலத் தெரியும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது என்பது அந்தக் காம்பவுண்டு முழுக்கத் தெரியும். அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வழியெல்லாம் அது காந்திக்கொண்டே வந்தது. கம்பெனிக்குள் நுழைந்ததும் டேபிளுக்குப் போகவில்லை. நேராகச் சூப்பர்வைசரிடம் போய், "சார், இனிமே ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன். ஷிப்மென்ட் இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி" என்றேன். செக்கிங் லைன் மொத்தமும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா, வீட்டுல என்ன விசேஷம்?" என்றார் அவர்.

"மாட்டுக்கறி வைக்கணும் சார்" என்றேன்.